கொம்பன் தருவையின் மதிப்பெண்

உலகத்தில் உள்ள காடு, மலை, குளம், குட்டை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டே தீருவது என்று மேலிடம் முடிவு செய்த வருஷத்தில், கொம்பன் தருவை வாங்கியது முப்பத்தெட்டு. பாஸ் மார்க் நூற்றைம்பது. பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் டியூஷனுக்கு அனுப்பலாம். தருவையை எங்கே அனுப்புவது?

தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே, தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே, மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் அகலமான பள்ளத்துக்குத் தருவை என்று பெயர். கார்த்திகையில் நிறையும், மாசியில் வற்றும், மிச்ச மாதங்களில் புழுதி பறக்கும். எட்டு மாதம் காய்ந்து கிடக்கிற இடத்துக்கு யார் குடிவருவார்கள்? வந்தவை முப்பத்தெட்டு வகை உயிர்கள்தான். ஆனால் அந்த முப்பத்தெட்டில் ஒன்று பூமியில் வேறெங்கும் கிடையாது. அரை விரல் நீளத்தில், சிவப்பாக, மல்லாந்தே நீந்துகிற ஒரு கூனி இறால். அதன் முட்டை ஏழெட்டு வருஷம்கூடப் புழுதியில் கிடக்கும். நல்ல மழை பெய்த ஐந்தாம் நாள் பொரிக்கும். ஊர்க்காரர்கள் அதைச் செங்கூனி என்றார்கள். அதற்கு அறிவியல் பெயர் வைத்தவள் சந்தனமாரி.

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் அதைக் கண்டுபிடித்தாள். பிறகு உயிரளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷா வருஷம் மழை பெய்த ஐந்தாம் நாள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு தருவைக்குப் போவாள். தண்ணீரை மொண்டு பார்த்தால் தட்டில் சிவப்புச் சிவப்பாகத் துடிக்கும். அன்று முழுக்க அவள் முகம் நன்றாக இருக்கும். மற்ற நாட்களில் அந்த முகத்தைப் பார்த்துத் துறையில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

நூற்றைம்பதுக்குக் கீழே வாங்கிய இடங்களுக்கு மூன்று வருஷம் அவகாசம். அதற்குள் தேறாவிட்டால் 'பயன்பாட்டுக்கு விடுவிக்கப்படும்' என்பது சட்டம். மூடி, மட்டம் தட்டி, கேட்டவனுக்குக் கொடுப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். கொம்பன் தருவையைக் கேட்டுக் காத்திருந்தது ஒரு தரவுக் கம்பெனி. பெரிய கட்டடம் கட்டி ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கப் போகிறார்களாம். அதில் எதைச் சேமிக்கப் போகிறார்கள் என்று கேட்டால், நாடு முழுக்க எடுத்த பல்லுயிர் மதிப்பெண்களையாம். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்களுக்கெல்லாம் துறையில் பதவி உயர்வு வந்தது. சந்தனமாரி சிரித்துவிட்டாள். அதனால் கள அளவையாளராகவே இருந்தாள்.

மூன்றாம் வருஷத்துக் கடைசி அளவைக்காக, கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை பதினோரு பேர் தருவைக்கு வந்து இறங்கினார்கள். மாவட்ட அலுவலர் திரவியம், சந்தனமாரி, படம் எடுக்க இரண்டு பேர், மற்றவர்கள் எதற்கென்று யாருக்கும் தெரியாது. கூடவே மோப்பி வந்தது. ஆவணங்களில் அதன் பெயர் பல்லுயிர்மானி. தண்ணீரில் குழாயை விட்டு உறிஞ்சி, அரை மணி நேரத்தில் எத்தனை வகை உயிர் என்று எண் சொல்லும் இயந்திரம்.

கரைமேல் இருந்த கொம்பன்விளை கிராமத்தின் பஞ்சாயத்துத் தலைவி லீதியா இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஐம்பத்தைந்து வயது, கணீரென்ற குரல்.

"இது என்னத்த மேடம் மோந்து பாக்கு?"

"எந்த உசுரும் தண்ணியில எறங்குனா தோலு, சளி, எச்சம்னு எதையாவது விட்டுட்டுத்தான் அக்கா போகும். அதுல அதோட மரபணு இருக்கும். ஒரு வாளித் தண்ணிய வச்சே இன்னின்ன உசுரு இங்க இருக்குன்னு இது சொல்லிரும்" என்றாள் சந்தனமாரி.

"செங்கூனியக் கண்டுபிடிச்சிருமா?"

"பிடிச்சிரும்."

"அதுக்கு எத்தன மார்க்கு?"

"ஒன்னு."

"காக்காய்க்கு?"

"அதுக்கும் ஒன்னு."

லீதியா இடுப்பில் கை வைத்தாள். "இது என்ன கூத்தா இருக்கு? காக்கா ஊரு பூரா கெடக்கு. செங்கூனி இங்க மட்டுந்தான் இருக்குன்னு நீங்கதான சொன்னிய?"

"நான் சொன்னேன். சட்டம் எழுதுனவங்க காதுல விழல."

பதினோரு மணிக்கு மோப்பி முதல் வாய்த் தண்ணீர் குடித்தது. நாற்பது என்றது. இரண்டு கூடியிருந்தது. அதில் ஒன்று படம் எடுக்க வந்தவன் காலைக் கழுவியபோது அவன் செருப்பிலிருந்து உதிர்ந்த பார்த்தீனியம் என்று சந்தனமாரிக்குத் தெரியும். விதிப்படி மூன்று மணிக்கு இரண்டாவது அளவை. இரண்டில் எது அதிகமோ அதுவே இறுதி. உயிர்களின் பக்கம் நாங்கள் தாராளமாக இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ள மேலிடம் வைத்த விதி அது.

இடையில் மதியச் சாப்பாடு.

கொம்பன்விளையில் ஒரு வழக்கம் உண்டு. தருவை சம்பந்தமாக யார் வந்தாலும் வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார்கள். தருவைக் கரையிலேயே, உடைமர நிழலில், இலை போட்டுச் சோறு போடுவார்கள். சாப்பிட்டு முடித்தவர் வீட்டுத் தண்ணீரில் கைகழுவக் கூடாது. தருவையில் இறங்கித்தான் கழுவ வேண்டும். விருந்தாளியின் கை பட்டால் அடுத்த மழைக்குத் தருவை நிறையும் என்று ஒரு நம்பிக்கை. இந்த முறை வந்திருப்பவர்கள் மார்க் போடுகிறவர்கள் ஆயிற்றே என்று நாற்பத்து மூன்று வீடுகளும் சேர்ந்து அடுப்பு மூட்டியிருந்தன. அதிகாரிகளின் வயிறு நிறைந்தால் மார்க்கு தானாக விழும் என்று அவர்கள் நினைத்தார்கள். நினைத்தது நடந்தது, ஆனால் அவர்கள் நினைத்த வழியில் அல்ல.

கறிக்குழம்பில் பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, ஜாதிக்காய், கசகசா, கல்பாசி. அவியலில் பதினோரு காய். கடற்கரையிலிருந்து காலையில் வந்த கணவாய், இறால், நண்டு. எல்லாவற்றுக்கும் மேல், பொடிமீன் கருவாட்டுத் தொக்கு. வலையில் மிச்சப்பட்ட சின்ன மீன்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டி உலர்த்திய கருவாடு அது. ஒரு கைப்பிடி எடுத்தால் முப்பது வகை இருக்கும். திரவியம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பதினோரு பேரும் ஏப்பம் விட்டுக்கொண்டே வரிசையாகத் தருவையில் இறங்கிக் கைகழுவி, வாய் கொப்புளித்தார்கள். பெண்கள் ஏழு அண்டாக்களையும் அதே கரையில் போட்டுக் கழுவினார்கள்.

மூன்று மணிக்கு மோப்பி இரண்டாவது வாய்த் தண்ணீரைக் குடித்தது. இருநூற்றுப் பதினான்கு.

திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இயந்திரம் தன் பெண் குரலில் அறிவித்தது: "இப்பகுதியில் ஜாதிக்காய் மரத்தின் புதிய வாழிடம் கண்டறியப்பட்டுள்ளது. வாழ்த்துகள்."

"மேடம்! பாத்தியளா? இருநூத்திப் பதினாலு! நம்ம மாவட்டத்துலயே முதல் இடம்!" என்று திரவியம் குதித்தார். பட்டியலை அவர் பார்க்கவில்லை. எண் தெரிந்த பிறகு பெயரைப் பார்க்கும் பழக்கம் துறையில் யாருக்கும் இல்லை.

சந்தனமாரி பார்த்தாள். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தவளுக்கு, கிராம்பில் சந்தேகம் வந்து, புதினாவில் உறுதியாகி, நெத்திலி, காரல், சாளை என்று மீன்கள் அணிவகுத்தபோது வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு உருண்டது. துறையின் விதிப்படி மோப்பி கழித்துவிட வேண்டியவை ஆறே ஆறு: மனிதன், ஆடு, மாடு, கோழி, நாய், பூனை. செடிகொடிகளைக் கழிக்கும் அதிகாரம் எங்களுடையது என்று விவசாயத் துறையும், மீன்களைத் தொடக்கூடாது என்று மீன் துறையும் அடித்துக்கொண்டதில் பட்டியல் ஆறோடு நின்றுபோயிருந்தது. ஆகவே தேரிக்காட்டுத் தண்ணீரில் கணவாய் நீந்தியது.

லீதியா அருகில் வந்தாள். "என்ன மேடம், தேறிட்டா?"

"அக்கா, இது உங்க கருவாட்டுத் தொக்கு."

"எது?"

"இந்த இருநூத்திப் பதினாலு. தருவையில இருக்கது நாப்பதுதான். மிச்சம் பூரா எங்க கையில இருந்தும் உங்க அண்டாவுல இருந்தும் வந்தது. மெசினுக்கு வித்தியாசம் தெரியல."

லீதியா கரையில் கவிழ்த்திருந்த அண்டாக்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்: "நீங்க சொல்லிருவியளா?"

சொல்ல வேண்டும். மாதிரி கெட்டுப்போனது என்று ஒரு வரி எழுதினால் போதும். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவள் ஒரு எண்ணைக்கூடத் திருத்தி எழுதியதில்லை. ஆனால் எழுதினால் அடுத்த வாரம் மண் லாரிகள் வரும். செங்கூனி முட்டைகளின் மேல் ஆறடிக்குக் கான்கிரீட் விழும். அதற்கு மேல் கணினி வைத்து, அதற்குள் செங்கூனி என்ற பெயரைச் சேமிப்பார்கள். இந்தத் துறை பொய்யான எண்களால் இந்த வருஷமே எத்தனையோ குளங்களைக் கொல்லப்போகிறது. ஒரு பொய்யான எண்ணால் ஒரு குளம் பிழைத்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். அந்த இயந்திரத்தின் மேல் அவளுக்கு அன்றுதான் முதல் தடவையாகக் கொஞ்சம் பிரியம் வந்தது.

இரண்டு மாதத்தில் கொம்பன் தருவை காப்பிடம் ஆயிற்று. அதற்கு அடுத்த மாதம் கொம்பன்விளை காலியாயிற்று.

விதி பதினேழு: இருநூறுக்கு மேல் எண் பெற்ற இடத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் மனிதக் குடியிருப்பு கூடாது. நூற்றைம்பது வாங்கியிருந்தால்கூட ஊர் தப்பித்திருக்கும். நாற்பத்து மூன்று வீடுகளையும் நெடுஞ்சாலை ஓரத்தில், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் அடுக்கினார்கள். ஆடுகளை மூன்றாவது மாடிக்கு ஏற்ற முடியாமல் விற்றார்கள். முருங்கைத் தோட்டங்கள் வேலிக்குள்ளே நின்றுகொண்டன.

ஊர் கிளம்பிய காலையில் லீதியா வேலியோரம் நின்றிருந்த சந்தனமாரியிடம் வந்தாள். சண்டை போடும் குரலில் பேசவில்லை.

"மேடம், தருவைய மூடி கம்பெனி கட்டியிருந்தா எங்க வீட்டுக்கு ஒன்னும் ஆயிருக்காதுல்லா?"

"ஆயிருக்காது."

"இந்த விதி ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"அந்த நேரத்துல நெனப்பு வரல அக்கா" என்றாள் சந்தனமாரி.

அது பொய். விதி பதினேழைப் பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். கையெழுத்துப் போடுகிற நிமிஷத்தில் அது அவள் மனசில் வந்து நின்றது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் போட்டாள். செங்கூனிக்குப் போக வேறு இடம் கிடையாது, மனிதர்களுக்கு உண்டு என்று அப்போது ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு நியாயம் இருக்கும். லீதியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேனில் ஏறினாள்.

அடுத்த கார்த்திகையில், வருஷ அளவைக்கு ஒரு வாரம் முன்பு, வெள்ளோட்டமாக மோப்பி மறுபடி தண்ணீர் குடித்தது. ஊர் இல்லை, விருந்து இல்லை, அண்டா இல்லை. முப்பத்தாறு.

திரவியத்துக்கு வேர்த்துக்கொட்டியது. காப்பிடத்தின் எண் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காப்பு ரத்து; இடம் உடனே கம்பெனிக்கு; அலுவலர் மேல் விசாரணை. அவர் ஓய்வு பெற நாலு வருஷம் இருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, "மேடம், உண்மையச் சொல்லுங்க. இருநூத்திப் பதினாலு எங்க போச்சு?" என்றார்.

சந்தனமாரி சொன்னாள். கிராம்பிலிருந்து கணவாய் வரை எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவார், விளக்கம் கேட்டு எழுதுவார் என்று நினைத்திருந்தாள். திரவியம் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அந்தக் கருவாட்டுத் தொக்கு யாரு வச்சது?"

"லீதியா."

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

அதிலிருந்து பிறந்ததுதான் உயிர்ச்செறிவூட்டல் திட்டம். அளவைக்கு முந்தின நாள் வேனில் லீதியாவையும் ஆறு பெண்களையும் ஏற்றி வந்து, வேலிக்குள் சமைக்க வைத்து, சமைத்ததைத் தருவையில் ஊற்றுவது. மனிதர் நுழையக்கூடாத இடம் என்பதால் அவர்கள் கழுத்தில் 'செறிவூட்டுநர்' என்று அட்டை தொங்கியது. அட்டை மாட்டியவர் விதிப்படி மனிதர் ஆகமாட்டார். சந்தனமாரி எதிர்த்தாள், பிறகு ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு அண்டா, வருஷத்துக்கு ஒரு நாள், அவ்வளவு பெரிய தண்ணீரில் அது என்ன செய்துவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வேறு வழி கான்கிரீட்.

லீதியா முதல் நாள் வேனை விட்டு இறங்கி, பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தாள். "எங்க ஊருக்கே நாங்க சமையலுக்கு வந்துட்டுப் போறோம். ஒரு வாய் யாரும் திங்காத சோறு. மேலோகத்துல இருக்க எங்க ஆத்தா பாத்தா செருப்பால அடிப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நெடுஞ்சாலைக் கட்டடத்தில் அவர்களுக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

அந்த வருஷம் இருநூற்று முப்பது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எண் ஏறியதும் மேலிடம் ருசி கண்டுவிட்டது. ஆண்டுதோறும் பத்து சதவீத முன்னேற்றம் வேண்டும் என்றார்கள். மோப்பியைக் கரையிலேயே நிரந்தரமாக நட்டுவைத்து, நாள்தோறும் எண்ணைப் பார்க்க ஒரு திரையும் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு அண்டா மாதத்துக்கு இரண்டாகி, வாரத்துக்கு நாலாகியது. தருவையின் மேல் எண்ணெய் மினுங்கியது. கருவாட்டு வாடைக்கு எலி வந்தது, கீரி வந்தது, பருந்து வந்தது. வந்ததெல்லாம் புள்ளிதான். அழுகலுக்குப் பதினோரு வகை ஈ வந்தது, பதினோரு புள்ளி. மழைக்காலத்துச் சந்தன நிறத் தண்ணீர் கறுப்பாகி, மாசியில்கூட வற்றாமல் சகதியாகக் கிடந்தது. வற்றாத நீர்நிலையாக மாற்றியதற்குத் தனியாக ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது.

திட்டத்தின் மூன்றாவது வருஷம் முன்னூற்றிரண்டு. திரவியத்துக்குப் பொன்னாடை போர்த்தி விருது கொடுத்தார்கள். 'கொம்பன் முறை' என்று அதற்குப் பெயர் வைத்து, மற்ற மாவட்ட அலுவலர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கம் நடத்தினார்கள். அரங்கம் முழுக்க ஆட்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து, மலைக்காட்டுக்கு ஏற்ற மசாலா அளவு என்ன என்று கேட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சந்தனமாரி கை தட்டவில்லை. ஆனால் எழுந்து நின்று உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் தருவை போய்விடும் என்பதுதான் இப்போதும் அவள் சொல்லிக்கொண்ட காரணம்.

நாலாம் வருஷம் மழை தாராளமாகப் பெய்தது. ஐந்தாம் நாள் அவள் வெள்ளைத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மொண்டாள். கறுப்புத் தண்ணீரில் நெளிந்தது கொசுப்புழு. வேறு இடத்தில் மொண்டாள். நாலு கரையும் நடந்து, முழங்கால் அளவு சகதியில் இறங்கி, முப்பது நாற்பது தடவை மொண்டாள். ஆறாம் நாளும் போனாள். பத்தாம் நாள் வரைக்கும் போனாள். கரையோரச் சேற்றைத் தோண்டி எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் பரப்பி, முட்டைகளை உருப்பெருக்கியில் பார்த்தாள். எல்லாம் உள்ளே குழம்பிப்போயிருந்தன. வறட்சியைத் தாங்கும் முட்டை, வெயிலைத் தாங்கும் முட்டை. வருஷக்கணக்கில் அழுகிய குழம்புக்குள் கிடப்பதை அது தாங்கவில்லை.

மோப்பியின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தாள். நெத்திலி இருந்தது, ஏலம் இருந்தது, எலி நாலு வகை இருந்தது. அவள் வைத்த பெயர் மட்டும் இல்லை. ஆய்வுக்கூடத்தின் ஸ்டூலில் உட்கார்ந்து அன்று முதல் முறையாக அழுதாள். அழுகையைவிடத் தன் மேலேயே வந்த அருவருப்பு அதிகமாக இருந்தது.

திரவியத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். "சார், செங்கூனி போயிருச்சு."

"எங்க போச்சு?"

"செத்துப் போச்சு சார். முட்டையும் செத்துப் போச்சு. உலகத்துல இனி அது கெடையாது. நாமதான் கொன்னுருக்கோம். ஊத்தி ஊத்திக் கொன்னுருக்கோம். எதைக் காப்பாத்தப் போறோம்னு நான் கையெழுத்துப் போட்டேனோ, அது இல்ல இப்ப."

திரவியம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், கவலைப்பட்டார். "நாளைக்கு வருஷ அளவை இருக்கே மேடம். மொத்தம் இப்ப எவ்வளவு காட்டுது?"

"சார், நான் சொல்றது..."

"எவ்வளவு?"

"முன்னூத்தி ஒன்னு."

"போன வருஷம் முன்னூத்தி ரெண்டு." அவர் விரலால் மேசையைத் தட்டினார். முன்னேற்றம் வராவிட்டாலும் போகிறது, குறையக் கூடாது. பட்டியலை வாங்கி, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் செய்யாத காரியமாக, பெயர்களை மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எள்ளு போடலியா இதுவரைக்கும்?"

"என்னது?"

"எள்ளு, மேடம். பட்டியல்ல இல்லயே. நல்லெண்ணெயெல்லாம் ஊத்துதாங்களே?"

"எண்ணெயில மரபணு தங்காது சார்" என்று அவள் வாய் தானாகப் பதில் சொன்னது.

"அப்ப சரி. ஒன்னுதான குறையுது? ஒரு கைப்பிடி எள்ளு போடச் சொல்லுங்க, சரியாயிரும்."

மறுநாள் காலை வேனில் செறிவூட்டுநர்களோடு சந்தனமாரியும் போனாள். வழியில் ஒரு பலசரக்குக் கடையில் நிறுத்தச் சொன்னாள். லீதியா இறங்கிப் போய், கடைவாசலில் இருந்தே குரல் கொடுத்தாள்: "மேடம், வெள்ள எள்ளா, கறுப்பு எள்ளா?"

"கறுப்பு."

தருவைக் கரையில் அடுப்பு மூட்டும் வேலை தொடங்கியது. லீதியா எள் பொட்டலத்தைப் பிரித்து அண்டாவில் கொட்டப் போனாள். சந்தனமாரி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தாள்.

"அடியில முள்ளு கெடக்கும் மேடம், செருப்ப ஏன் கழத்துதிய?" என்றாள் லீதியா.

சந்தனமாரி தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் அளவுக்கு வந்ததும் தெற்குப் பார்த்து நின்றாள். வலது உள்ளங்கையில் கொஞ்சம் எள்ளை வைத்து, அந்தக் கறுப்புத் தண்ணீரையே மொண்டு, கட்டைவிரல் பக்கமாகச் சரித்து விட்டாள். பெண்கள் செய்யக் கூடாத காரியம் என்று அவள் வீட்டில் சொல்வார்கள். இதற்குச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

லீதியா வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். ஆனாலும் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதை ஊரில் பார்த்திருக்கிறாள். அகப்பையை அப்படியே அண்டாமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை வந்து, தலையில் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு, "யாருக்கு மேடம்?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"செங்கூனிக்கு."

மற்றப் பெண்களும் எழுந்து நின்றார்கள். சந்தனமாரி இரண்டாம் முறை விட்டாள். மூன்றாம் முறை விட்டாள். எள் மிதந்து, எண்ணெய்ப் படலத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்லக் கரையை நோக்கி நகர்ந்தது. அவள் மேலேறி வந்து ஈரக்காலோடு மணலில் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் கழித்துக் கரையில் இருந்த திரையில் எண் மாறியது. முன்னூற்றிரண்டு. சந்தனமாரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அளவைத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.